நாட்டுக்குக் கணக்கு வகுத்த பேராசிரியர் மகலனோபிஸ்

எண்ணையும் எழுத்தையும் இரு கண்களாகக் கருதுவது தமிழ் மரபு. ஆயினும் தமிழ்த்துறையினராகிய நாம் எழுத்தென்னும் கண்ணைப் பேணிய அளவிற்கு எண்ணென்னும் கண்ணைப் பேணியதில்லை. புலவர் வரலாறும் கவிஞர் வரலாறும் வழக்கமாக இடம்பெறும் மலர்ப் பக்கங்களில் ஒரு புள்ளியியல் அறிஞரின் வரலாறு எதற்கு என்று மாணவர்கள் வினவக்கூடும். வினா நியாயமானதே. அதற்கான விடையை நம் பகுதி மக்கள் நாள்தோறும் காணும் ஜவ்வாது மலையிலிருந்தே தொடங்கலாம்.

கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு கூறாகிய இம்மலை இன்று வேலூர், திருப்பத்தூர், திருவண்ணாமலை ஆகிய மாவட்டங்களில் பரந்து கிடக்கிறது. ஜமுனாமரத்தூர், புதூர்நாடு, நெல்லிவாசல்நாடு, புங்கம்பட்டுநாடு என வழங்கும் பகுதிகளில் மலையாளி எனப்படும் பழங்குடியினர் வாழ்கின்றனர். (இவர்கள் தமிழ் பேசுவோர், கேரளத்தாரோடு குழப்பிக்கொள்ளுதல் கூடாது.) சாமையும் தேனும் புளியும் பலாவும் அவர்தம் பொருள்கள். அதே மலையில், காவலூரில், 1986ஆம் ஆண்டு முதல் 2.34 மீட்டர் விட்டமுள்ள தொலைநோக்கி இயங்கி வருகிறது. எட்டாத தொலைவிலுள்ள விண்மீனின் ஒளியை அங்கே அளக்க முடிகிறது. ஆனால் அக்கூடத்திற்கு அருகிலுள்ள ஒரு குடிசையில் மாதத்திற்கு எத்தனை படி அரிசி செலவாகிறது, அவ்வீட்டுப் பிள்ளை எத்தனையாம் வகுப்போடு நின்றது, நோயுற்றால் எவ்வளவு கடன் வாங்கினர் என்பனவற்றைச் சென்னையிலும் தில்லியிலும் அமர்ந்து திட்டம் தீட்டுவோர் எங்ஙனம் அறிவர்? சாலையும் பள்ளியும் பங்கீட்டு அரிசியும் அவ்விடையைப் பொறுத்தன அல்லவா? அதை அறிவதற்கென நிலையான ஓர் அமைப்பை இந்நாட்டிற்கு வகுத்தளித்தவர் பேராசிரியர் பிரசாந்த சந்திர மகலனோபிஸ்.

இளமையும் கேம்பிரிட்ஜும்

மகலனோபிஸ் 1893ஆம் ஆண்டு ஜூன் 29ஆம் நாள் கல்கத்தாவில் பிறந்தார். பிரம்ம சமாஜத்தைச் சார்ந்த குடும்பம் அது. சீர்திருத்தமும் கல்வியும் அவ்வீட்டின் இயல்பான சூழலாக இருந்தன. மாநிலக் கல்லூரியில் இயற்பியல் பயின்று 1912இல் பட்டம் பெற்றார். ஜகதீச சந்திர போசும் பிரபுல்ல சந்திர ராயும் அவருடைய ஆசிரியர்கள். 1913இல் இங்கிலாந்து சென்றார். இலண்டனில் பயிலும் எண்ணத்துடன் சென்றவர், ஒரு நாள் கேம்பிரிட்ஜைச் சுற்றிப் பார்க்கப் போய் இரயிலைத் தவறவிட்டார். அன்றிரவு தங்கிய இடத்தில் நண்பர் ஒருவர் தூண்டியதன் பயனாகக் கிங்ஸ் கல்லூரியிலேயே சேர்ந்துவிட்டார். ஒரு இரயில் தவறியதால் ஒரு நாட்டின் புள்ளியியல் வரலாறே திசைமாறிற்று எனலாம்.

அங்கேதான் அவருக்கு நம் கும்பகோணத்து இராமானுஜனோடு நட்பு ஏற்பட்டது. இந்நட்பைப் பற்றிய செய்திகளை மகலனோபிஸிடமே கேட்டறிந்து தம் நூலில் பதிவு செய்தவர் சீர்காழி தந்த நூலக அறிவியல் மேதை எஸ். ஆர். இரங்கநாதன் ஆவார். கேம்பிரிட்ஜின் குளிரில் இராமானுஜன் மேலங்கியோடும் சால்வையோடும் நடுங்கிக்கொண்டு உறங்குவதை அறிந்த மகலனோபிஸ், கட்டிலை நோக்கினார். கம்பளிகள் மெத்தையோடு இறுகச் செருகப்பட்டிருந்தன. அவற்றை விலக்கி உள்ளே நுழைந்து உறங்கவேண்டும் என்பதை இராமானுஜனுக்கு ஒருவரும் சொல்லித் தரவில்லை. அதை மகலனோபிஸ் செய்து காட்டினார்.

மற்றொரு நாள் இராமானுஜன் அடுப்பில் காய்கறி வதக்கிக்கொண்டிருக்க, மகலனோபிஸ் ஒரு மாத இதழில் வந்த புதிரைப் படித்துக் காட்டினார். ஒரு தெருவில் ஐம்பதுக்கு மேலும் ஐந்நூறுக்குள்ளும் வீடுகள் உள்ளன. குறிப்பிட்ட ஒரு வீட்டிற்கு இடப்புறத்து வீட்டெண்களின் கூட்டுத்தொகையும் வலப்புறத்து வீட்டெண்களின் கூட்டுத்தொகையும் சமம். அவ்வீட்டின் எண் யாது? 288 வீடுகளுள் 204ஆம் வீடு என்பது விடை. மகலனோபிஸ் முயன்று பார்த்துச் சில நிமிடங்களில் கண்டுபிடித்திருந்தார். இராமானுஜனோ கரண்டியைக் கீழே வைக்காமலே, எத்தனை வீடுகளைக் கொண்ட தெருவுக்கும் பொருந்தும் எல்லா விடைகளையும் தரவல்ல ஒரு தொடர் பின்னத்தைச் சொல்லிவிட்டார். இருவரின் அறிவுப் போக்கிற்கும் இதைவிடத் தெளிவான சான்று வேண்டியதில்லை. ஒருவர் எண்ணின் உள்ளியல்பைக் கண்டவர். மற்றவர் தெருவையும் வீட்டையும் அவற்றில் வாழும் மனிதரையும் எண்ணத் தலைப்பட்டவர்.

1915இல் தாயகம் திரும்பும் வேளையில் முதல் உலகப் போரினால் கப்பல் தாமதமாயிற்று. அந்த இடைவேளையில் கல்லூரி நூலகத்தில் ஆசிரியர் ஒருவர் பயோமெட்ரிக்கா என்னும் ஆய்விதழைச் சுட்டிக் காட்டினார். அளவீடுகளைக் கொண்டு உயிரினங்களை ஆராயும் புதிய துறையின் இதழ் அது. மகலனோபிஸ் அதன் தொகுதிகள் முழுவதையும் விலைக்கு வாங்கிக் கப்பலில் படித்துக்கொண்டே வந்தார். கரையிறங்கியபோது இயற்பியல் ஆசிரியர் வேலை காத்திருந்தது. உள்ளமோ புள்ளியியலுக்கு உரியதாகிவிட்டது.

வெள்ளம் கற்பித்த பாடம்

கல்கத்தா மாநிலக் கல்லூரியில் இயற்பியல் கற்பித்துக்கொண்டே அவர் கையிலெடுத்த ஆய்வுகள் பல. மனித உடல் அளவுகளைக் கொண்டு மக்கட் குழுவினரிடையே உள்ள ஒப்புமை வேற்றுமைகளை அளக்க முற்பட்டார். அதிலிருந்து பிறந்த அளவை, மகலனோபிஸ் தொலைவு என்னும் பெயரில் உலகெங்கும் இன்றும் பயன்படுகிறது. அதனை முழு வடிவில் 1936இல் வெளியிட்டார். கணினி கொண்டு உருவங்களை இனம் பிரிக்கும் இன்றைய முறைகளிலும் அது பயன்படுகிறது என்பதை நம் கணினித்துறை மாணவர்கள் அறிவர்.

ஆயின் நம் பொருளுக்கு நெருங்கியவை வெள்ளம் பற்றிய ஆய்வுகளே. 1922இல் வட வங்கத்தில் பெருவெள்ளம் ஏற்பட்டது. நீரைத் தடுத்து நிறுத்தும் பெரும் தேக்கங்கள் வேண்டும் என்று பொறியாளர் குழு பரிந்துரைத்தது. அரை நூற்றாண்டு மழைக் கணக்கை ஆராய்ந்த மகலனோபிஸ், தேக்கங்களால் பயனில்லை, நீர் விரைந்து வடிய வழி செய்வதே தேவை என்று காட்டினார். 1926இல் ஒரிசாவின் பிராமணி ஆற்றில் வெள்ளம் வந்தபோது, ஆற்றுப்படுகை உயர்ந்துவிட்டது, ஆகவே கரைகளை உயர்த்துக என்றனர் வல்லுநர். அறுபது ஆண்டுப் பதிவுகளை எடுத்துப் பார்த்தார் அவர். படுகை உயரவில்லை. கரையை உயர்த்துவதால் பயனில்லை, மேலே அணை கட்டுக என்றார். பின்னாளில் மகாநதியில் ஹிராகுட் அணை உருவானபோது அவர் செய்த கணக்குகள் உதவின. கண்ணால் கண்ட ஒரு வெள்ளத்தை வைத்துத் தீர்ப்புக் கூறலாகாது, பல்லாண்டுப் பதிவு வேண்டும் என்னும் நெறி அவரிடம் வேரூன்றியது இங்கேதான்.

இக்காலத்திலேயே கவி தாகூரோடு நெருங்கிய தொடர்பு கொண்டு, விசுவபாரதியின் செயலாளராகப் பத்தாண்டுக் காலம் பணியாற்றினார். 1926இல் கவியின் ஐரோப்பியப் பயணத்தில் உடன் சென்றார். 1923இல் நிர்மலகுமாரியை மணந்தார். மணமகளின் தந்தைக்கு இத்திருமணத்தில் உடன்பாடில்லை.

மாநிலக் கல்லூரியின் ஓர் அறையில் சிறிய ஆய்வுக்கூடமாகத் தொடங்கிய முயற்சி, 1931 டிசம்பர் 17இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனமாக உருப்பெற்றது. முதலாண்டில் அதன் மொத்தச் செலவு 238 ரூபாய்! இன்று ஒரு துறையின் தேநீர்ச் செலவிற்கும் போதாத தொகை. 1933இல் சாங்க்யா என்னும் ஆய்விதழ் வெளிவரத் தொடங்கியது. எண் என்பதையும் ஆய்ந்தறியும் அறிவு என்பதையும் ஒருங்கே குறிக்கும் வடசொல்லையே பெயராக்கினார். ஆர். சி. போஸ், எஸ். என். ராய், பின்னர் 1941இல் வந்து சேர்ந்த சி. ஆர். ராவ் ஆகியோர் உலகறிந்த மேதைகளாக வளர்ந்தது இந்நிறுவனத்தின் நிழலில்தான். ஆளைத் தேடி அழைத்து வந்து, வேலை தந்து, உரிமை தந்து வளர்ப்பதில் அவருக்கு இணையானவர் அரியர்.

சணல் வயலில் பிறந்த முறை

சென்னை மாகாணத்தில் இரயத்துவாரி முறை நடைமுறையில் இருந்தது. ஊருக்கு ஒரு கர்ணம் இருந்தார். எந்தப் புலத்தில் எவர் என்ன பயிரிட்டார் என்பதை ஆண்டுதோறும் அடங்கலில் எழுதி வைத்தார். அக்கணக்கில் குறைகள் பல உண்டு. ஆயினும் கணக்கு என ஒன்று இருந்தது. வங்கத்தில் 1793ஆம் ஆண்டின் நிரந்தர நிலவரித் திட்டத்தால் வரி ஒரே தொகையாக நிலைபெற்றுவிட்டது. வரி மாறாதபோது வயலை ஆண்டுதோறும் பார்க்க அரசுக்கு ஆள் எதற்கு? அங்கே கர்ணமும் இல்லை, அடங்கலும் இல்லை. ஊர்க்காவலர் சொல்லும் உத்தேசமே விளைச்சற் கணக்காயிற்று. உலகச் சந்தைக்குச் செல்லும் சணல் எவ்வளவு விளைந்தது என்பதைக்கூட எவரும் உறுதியாகக் கூற இயலவில்லை.

1937 முதல் இப்பணியை மகலனோபிஸ் மேற்கொண்டார். எல்லா வயல்களையும் அளப்பது இயலாது. ஆகவே வரைபடத்தின்மீது குலுக்கல் முறையில் சில கட்டங்களைத் தேர்ந்து அவற்றை மட்டும் அளந்தார். ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் பார்க்கும் நம் இல்லத்தரசியர் செய்வதும் மாதிரிக் கணக்கெடுப்பே. ஆயின் எத்தனை சோறு, எந்த மூலையிலிருந்து, எத்தனை பிழைக்கு இடம் வைத்து என்னும் கேள்விகளுக்கு இலக்கணம் வகுத்தவர் அவர். முதலாண்டிலேயே மாகாணம் முழுவதும் இறங்கிவிடவில்லை. சிறிய பரப்பில் முன்னோட்டம் பார்த்து, செலவையும் பிழையையும் கணக்கிட்டு, ஆண்டுதோறும் பரப்பை விரித்து, 1941இல் வங்கம் முழுவதையும் எட்டினார். ஆயிரக்கணக்கானோரை ஏவி அரசு எடுத்த முழுக் கணக்கைவிட, மிகச் சிலரைக் கொண்டு மிகக் குறைந்த செலவில் எடுத்த இம்மாதிரிக் கணக்கு வணிகர்தம் இறுதிக் கணக்கிற்கு நெருங்கி நின்றது.

அவர் முறையின் உயிர்நாடி ஒன்றை மாணவர்கள் ஊன்றி நோக்க வேண்டும். ஒரே பகுதிக்கு அவர் இரண்டு தனித்தனி மாதிரிகளைத் தேர்ந்தெடுத்தார். ஒன்றையொன்று அறியாத இரு குழுவினரை அனுப்பினார். புதூர்நாட்டுச் சிற்றூர்களுக்கே இதைப் பொருத்திப் பார்ப்போம். ஒரு குழு சில வீடுகளுக்குச் செல்கிறது. மற்றொரு குழு வேறு சில வீடுகளுக்குச் செல்கிறது. இரு குழுவின் விடைகளும் நெருங்கியிருந்தால் கணக்கை நம்பலாம். வெகுவாக விலகினால், ஒருவர் மலையேறாமல் அடிவாரத் தேநீர்க் கடையில் அமர்ந்து படிவத்தை நிரப்பியிருக்கலாம், அல்லது வினாவே தெளிவற்றதாக இருக்கலாம், அல்லது மாதிரி போதாததாக இருக்கலாம். எப்படியாயினும் கணக்கு தன் குற்றத்தைத் தானே காட்டிக்கொடுத்துவிடும். பிழையே இல்லை என்று கூறும் கணக்கை அவர் நம்பவில்லை. தன் பிழை இவ்வளவு என்று கூறும் கணக்கையே நம்பினார். இப்பணிகளின் சிறப்பால் 1945இல் இலண்டன் ராயல் சொசைட்டி அவரை உறுப்பினராகத் தேர்ந்தது.

இடையில் வந்தது 1943ஆம் ஆண்டின் வங்கப் பஞ்சம். மாண்டவர் பதினைந்து இலட்சம் என்று விசாரணைக் குழுவும், முப்பது இலட்சம் வரை என்று பிற்கால ஆய்வாளர்களும் கூறுவர். விளைச்சல் எவ்வளவு, இருப்பு எவ்வளவு என்று அறியாத ஆட்சி அது. (அறிந்திருந்தால் மட்டும் அன்றைய ஆட்சியாளர் காத்திருப்பரோ என்பது வேறு கேள்வி.) பஞ்சத்தின் பின்விளைவுகளை மகலனோபிஸ் குழுவினர் ஊர் ஊராகச் சென்று மாதிரி முறையில் ஆராய்ந்தனர். நிலத்தை விற்றோர், உழவு மாட்டை விற்றோர், நடுத்தெருவில் நின்ற மீனவர், கைவினைஞர், கூலி உழவர் எனத் துயரத்தின் படிநிலைகளை அக்கணக்கு வெளிப்படுத்தியது.

நாடு தழுவிய கணக்கு

விடுதலைக்குப் பின் 1949இல் அவர் மத்திய அமைச்சரவையின் மதிப்புறு புள்ளியியல் ஆலோசகரானார். அதே ஆண்டு நாட்டு வருமானக் குழுவின் தலைவருமானார். டி. ஆர். காட்கிலும் வி. கே. ஆர். வி. ராவும் உறுப்பினர்கள். நாட்டு வருமானத்தைக் கணக்கிட அமர்ந்தபோதுதான் இருட்டின் அளவு புரிந்தது. குடும்பங்கள் எதற்கு எவ்வளவு செலவிடுகின்றன, கைத்தொழில்கள் என்ன ஈட்டுகின்றன என்பனவற்றிற்குத் தரவே இல்லை. தொழிற்சாலைக்குப் பதிவேடு உண்டு. ஆம்பூரில் வீட்டுத் திண்ணையில் தோல் தைப்பவருக்கும், வாணியம்பாடியில் பீடி சுற்றும் பெண்ணுக்கும், ஜவ்வாது மலையில் தேன் எடுப்பவருக்கும் எந்தப் பதிவேடு உண்டு?

இந்த இடைவெளியை நிரப்பப் பிரதமர் நேருவின் ஆதரவோடு 1950இல் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தோன்றியது. அவ்வாண்டு அக்டோபர் முதல் 1951 மார்ச் வரை முதற்சுற்று நடந்தது. சுமார் 1,800 சிற்றூர்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. பணியாளருக்கு ஏற்பட்ட இடர்கள் கொஞ்சமல்ல. படிவங்களைப் பல மொழிகளில் ஆக்க வேண்டும். நாட்டின் அளவைகளோ ஊருக்கு ஊர் வேறுபட்டன. படி, மரக்கால், வள்ளம் என நம் தமிழ்நாட்டிலேயே எத்தனை! ஓர் ஊரின் மரக்கால் மற்றோர் ஊரின் மரக்காலுக்குச் சமமில்லை. இவற்றையெல்லாம் ஒரே அளவைக்குக் கொணர்ந்தாக வேண்டும்.

எடுத்தோம், முடித்தோம் என்று இதனை ஒருமுறைக் கணக்காக அவர் கருதவில்லை. சுற்றுக்குப் பின் சுற்றாகத் தலைமுறைகள் தோறும் தொடர வேண்டும் என்பதே அவர் வகுத்த நெடுநோக்கு. அதற்குரிய உறுப்புகளை ஒவ்வொன்றாக அமைத்தார். பயிற்சி பெற்ற முழுநேரக் களப்பணியாளர். துறைகளின் கணக்குகளை ஒருங்கிணைக்க 1951இல் மத்தியப் புள்ளியியல் அமைப்பு. ஆய்விற்கும் பயிற்சிக்கும் கல்கத்தா நிறுவனம். ஆசிய, ஆப்பிரிக்க நாட்டு மாணவர்க்கென 1950இல் அங்கேயே ஒரு பன்னாட்டுக் கல்வி மையம். 1956இல் நாட்டின் முதல் கணிப்பொறியும் அவருடைய முயற்சியால் அந்நிறுவனத்திற்கே வந்து சேர்ந்தது. மாநிலங்களும் இணை மாதிரிகளைத் தாமே கணக்கெடுக்கும் முறை எட்டாம் சுற்றிலிருந்து வந்தது. இன்று நம் மாநிலப் புள்ளியியல் துறை மேற்கொள்ளும் பணிக்கு வேர் அங்கே உள்ளது. ஐ.நா. மன்றத்தின் மாதிரிக் கணக்கெடுப்புத் துணைக்குழுவிற்கு 1947 முதல் அவரே தலைவராக இருந்தமையால், இம்முறை பிற நாடுகளுக்கும் பரவியது.

இரண்டாம் ஐந்தாண்டுத் திட்டத்தின் சிற்பி என்னும் வகையிலேயே பொதுமக்கள் அவரை மிகுதியும் அறிவர். கனரகத் தொழிலுக்கு முதலிடம் தரும் வரைவை 1955இல் அளித்தார். திட்டக் குழுவிலும் 1967 வரை உறுப்பினராக இருந்தார். உழவையும் நுகர்பொருளையும் புறக்கணித்த திட்டம் என்று அன்றே குறை கூறியோர் உண்டு. பி. ஆர். ஷெனாய் தம் மறுப்பைத் தனிக் குறிப்பாகவே எழுதி வைத்தார். இவ்வாதத்தில் தீர்ப்புக் கூறும் தகுதி தமிழாசிரியனுக்கு இல்லை. ஆயினும் ஒன்று எனக்குப் படுகிறது. கணக்கெடுப்பவரும் அக்கணக்கைக் கொண்டு திட்டம் தீட்டுபவரும் ஒருவராகவே அமைந்தது, அவர் வகுத்த நெறிக்கே பொருந்தாத ஒன்று. வயலில் இரு குழு வேண்டும் என்றவர், தில்லியில் தமக்கெதிரே மற்றொரு குழுவை அமைத்துக்கொள்ளவில்லை.

பயிர் அறுவடைக் கணக்கில் பி. வி. சுகாத்மேயோடு ஏற்பட்ட கருத்து மாறுபாடும் இங்குக் குறிப்பிடத்தக்கது. மகலனோபிஸ் சிறு வட்டங்களை அறுத்துப் பார்த்தார். வட்டம் சிறிதானால் ஓரத்துக் கதிரும் உள்ளே சேர்ந்து விளைச்சல் மிகையாகும் என்று காட்டிப் பெரிய பரப்பே வேண்டும் என்றார் சுகாத்மே. இதில் சுகாத்மேயின் பக்கமே வலுப்பெற்றது.

அதே வேளையில் தம் திட்டத்தின் பயன் யாரைச் சேர்ந்தது என்று கேட்கவும் அவர் தயங்கவில்லை. வளர்ந்த வருமானம் எங்கே போயிற்று என்னும் கேள்வி நாடாளுமன்றத்தில் எழுந்தபோது 1960இல் அமைக்கப்பட்ட குழுவிற்கு அவரே தலைமை தாங்கினார். 1971இல் தாண்டேகரும் ராத்தும் இந்திய வறுமையை அளந்து நாட்டை உலுக்கியதும் இம்மாதிரிக் கணக்கெடுப்பின் தரவுகளைக் கொண்டே. நம் சமுதாயப் பெரியவர்கள் நன்கறிந்த சச்சார் குழு அறிக்கையும் (2006) இதே கணக்கெடுப்பின் சுற்றுகளையும் 2001ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கையும் அடிப்படையாகக் கொண்டது. முஸ்லிம்களின் கல்வியும் வேலையும் எந்நிலையில் உள்ளன என்பதை மேடைப் பேச்சாகச் சொல்லிக் கொண்டிருந்த நமக்கு, எவரும் மறுக்கவியலாத எண்களாக அது கிடைத்தது.

1968இல் பத்ம விபூஷண் விருது அவரை வந்தடைந்தது. ஆயின் அடுத்த ஓரிரு ஆண்டுகளில் அவருக்குப் பெருந்துயரும் வந்தது. தேசிய மாதிரிக் கணக்கெடுப்பைக் கல்கத்தா நிறுவனத்திடமிருந்து பிரித்து, 1970இல் அரசின் தனி அமைப்பாக்கினர். இருபதாண்டு வளர்த்த பிள்ளையைப் பிரித்தது போன்ற வேதனை அவருக்கு. 1972 ஜூன் 28ஆம் நாள், எழுபத்தொன்பதாம் பிறந்தநாளுக்கு ஒரு நாள் முன்னதாகக் காலமானார். அவர் பிறந்த ஜூன் 29, 2007 முதல் புள்ளியியல் நாளாகக் கொண்டாடப்பட்டு வருகிறது.

அவர் விட்டுச் சென்ற அமைப்பு மெல்லத் தளர்ந்ததும் உண்மை. களப்பணியிடங்கள் நிரம்பவில்லை, துறைகளின் கணக்குகள் தாமதமாயின. சீர்திருத்த வழி காண சி. ரங்கராஜன் தலைமையில் அமைந்த ஆணையம் 2001இல் விரிவான அறிக்கை அளித்தது. அதன் பயனாக 2006இல் நிலையான தேசியப் புள்ளியியல் ஆணையம் செயற்படத் தொடங்கியது. ஆட்சியாளருக்கு உவப்போ கசப்போ, கணக்கு வெளிவர வேண்டும் என்பதே அதன் நோக்கம். 2017-18ஆம் ஆண்டின் நுகர்வுச் செலவுக் கணக்கெடுப்பு வெளியிடப்படாமலே கைவிடப்பட்டபோது அந்நோக்கம் எத்துணைத் தொலைவில் உள்ளது என்பது தெரிந்தது. தரத்தில் குறையென்று அரசு கூறியது. குறையிருந்தால் அதையும் சேர்த்து வெளியிடுவதே மகலனோபிஸ் வழி என்று அறிஞர் பலர் கூறினர். அடுத்த கணக்கெடுப்பு 2022-23இல் 2,61,746 குடும்பங்களிடம் நடத்தப்பட்டு 2024இல் வெளிவந்தது. 2021இல் நடந்திருக்க வேண்டிய மக்கள்தொகைக் கணக்கெடுப்போ 2027க்கு அறிவிக்கப்பட்டது.

ஜவ்வாது மலை இவற்றுள் எங்கே நிற்கிறது? மக்கள்தொகைக் கணக்கில் ஊர்வாரியாகத் தலைகள் எண்ணப்பட்டுள்ளன. ஆயின் அவை 2011ஆம் ஆண்டின் தலைகள். மாதிரிக் கணக்கெடுப்பில் இம்மலையின் ஏதேனும் ஒரு சிற்றூர் குலுக்கலில் விழலாம், விழாமலும் போகலாம். விழுந்தாலும் அது மாநிலத்தின் சராசரியில் கரைந்துவிடும். மாநில மாதிரியையும் மத்திய மாதிரியையும் இணைத்தால் மாவட்ட அளவிலேனும் கணக்குக் காண இயலும் என்பது நெடுநாளைய கருத்து. 2025 ஜனவரி முதல் தொழிலாளர் கணக்கெடுப்பில் மாவட்டமே அடிப்படை அலகாக்கப்பட்டது. அப்போதும் ஒரே குடியினராகிய இம்மலைமக்கள் வெவ்வேறு மாவட்டங்களின் கணக்கில் பிரிந்தே நிற்பர். கீழே சமவெளியில் வாழும் பெருந்தொகையினரோடு சேர்த்தே அவர்கள் எண்ணப்படுவர். மலைக்கென்று தனி மாதிரி வகுக்கும் முறை புள்ளியியலில் உண்டு. அதற்குச் சில கூடுதல் பணியாளரும், மலையேறும் கால்களும், ஒன்றையொன்று அறியாத இரு குழுக்களும் வேண்டும்.